காற்றோடு போகும் எண்ணெய்த் துளி

டயர் கடை முதல் தொழிற்சாலை வரை காற்றால் ஓடும் கருவிகள் நம்மைச் சுற்றி ஏராளம். அவற்றுக்கு யார், எப்போது, எப்படி எண்ணெய் விடுகிறார்கள்?

தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படும் முன் காரை டயர் கடையில் விடுகிறீர்கள். நான்கு சக்கரங்களையும் கழற்றி, இடம் மாற்றி, திரும்பப் பூட்டுகிறார்கள். ‘டர்ர்ர்’ என்று ஏர் கன் சத்தம் போடுகிறது. ஒரு சக்கரத்துக்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஏறுகிறோம்.

அந்த நட்டுகள் சரியான இறுக்கத்தில் இருக்கின்றனவா? ஏர் கன்னைப் பிடித்தவரின் அனுபவம் மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. அந்தக் கருவிக்குள் அன்று எண்ணெய் போனதா, தண்ணீர் போனதா என்பதும் தீர்மானிக்கிறது.

வானொலியில் வேலை செய்கிறவர்களுக்குச் சத்தத்தின் மேல் ஒரு கண், இல்லை, ஒரு காது எப்போதும் இருக்கும். பட்டறைப் பக்கம் போனால் கவனித்துக் கேளுங்கள். நன்றாகப் பராமரித்த ஏர் கன் ஒரே சீராக உறுமும். எண்ணெய் காணாத ஏர் கன் முனகும், திணறும், சில சமயம் பொத்தானை அழுத்தியும் சும்மா சீறும். அந்தச் சீறலுக்குப் பின்னால் இருக்கும் கதை இது.

உள்ளே என்ன நடக்கிறது?

ஏர் கன்னுக்குள் மின்கம்பி இல்லை, பேட்டரி இல்லை. ஓர் இரும்பு உருளை இருக்கிறது. அதற்குள், சரியாக நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி, ஒரு ரோட்டர் சுழல்கிறது. ரோட்டரின் உடம்பில் நீளவாக்கில் பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு மெல்லிய தகடு. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று இந்தத் தகடுகளைத் தள்ள, ரோட்டர் சுற்றுகிறது. பாரம் எதுவும் இல்லாதபோது பல ஏர் கன்கள் நிமிடத்துக்கு 7,000 முதல் 10,000 சுற்று வரை ஓடுகின்றன.

அத்தனை வேகத்தில் தகடுகளின் விளிம்பு உருளையின் சுவரை உரசிக்கொண்டே போகிறது. அந்த இடத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் இரண்டு நன்மை. ஒன்று, உரசலும் சூடும் குறையும். இரண்டு, தகடுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கை எண்ணெய் அடைத்துவிடுவதால் காற்று வீணாக நழுவாது. எண்ணெய் இல்லாவிட்டால் தகடு தேயும், காற்று நழுவும், ஏர் கன்னின் வலு குறையும். பழைய எண்ணெய் பிசினாகிவிட்டால் தகடு பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் கருவியை மேசையில் இரண்டு தட்டு தட்டிப் பார்க்கிறார்கள்.

பட்டறைகளில் இப்படி ஒரு பேச்சைக் கேட்டிருப்பீர்கள்:

“அண்ணே, கன் இழுக்க மாட்டேங்குது.”

“எண்ணெய் விட்டியா தம்பி?”

“கம்ப்ரசர்லதான் எண்ணெய் இருக்கே அண்ணே, அது வராதா?”

வரும். ஆனால் வரக்கூடாத எண்ணெய் அது. கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெய் அதன் பிஸ்டனுக்கும் தண்டுக்கும் உரியது. அதில் கொஞ்சம் காற்றோடு கசிந்து வரும்போது, கடுஞ்சூட்டில் வெந்து, தண்ணீரோடு கலந்து, கசடாகிவிட்டிருக்கும். ஏர் கன்னை வழவழப்பாக்கும் குணம் அதில் பெரிதாக மிஞ்சியிருக்காது. அதை வடிகட்டித் தள்ளிவிட்டு, சுத்தமான எண்ணெயைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

ஏர் கன் இழுக்கவில்லை என்றதும் பலர் செய்யும் இன்னொரு வேலை, காற்றழுத்தத்தைக் கூட்டுவது. அன்றைக்கு வேலை நடக்கும். உலர்ந்த தகடுகள் இன்னும் வேகமாகத் தேயும்.

நம் காற்றில் எவ்வளவு தண்ணீர்?

எண்ணெயைப் பற்றிப் பேசும் முன் தண்ணீரைப் பற்றிப் பேசியாக வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் சுவாசிக்கும் காற்றே பாதி ஈரத்துணி மாதிரி. ஒரு சின்னக் கணக்கு போடலாம். 30 பாகை செல்சியஸ் வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும்.

அந்தக் காற்றை எட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்துகிறோம். பட்டறைக் கம்ப்ரசர் காட்டும் 7 பார் அழுத்தம் என்பது அதுதான். அழுத்திய காற்று மறுபடி அறை வெப்பத்துக்கு ஆறியதும், அந்தச் சின்ன இடத்தில் சுமார் 4 கிராம் நீராவிதான் தங்க முடியும். மீதி 20 கிராம் தண்ணீராக விழுந்துவிடும்.

நிமிடத்துக்கு 300 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும் ஒரு சாதாரணக் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் 18 கன மீட்டர் காற்று. அதிலிருந்து பிரியும் தண்ணீர் சுமார் 360 மில்லிலிட்டர். ஒரு சின்ன மினரல் வாட்டர் போத்தல் அளவு, அதுவும் ஒரே மணி நேரத்தில்.

இந்தத் தண்ணீரில் ஒரு பகுதி தொட்டியின் அடியில் தேங்கும். காற்று இன்னும் சூடாக இருந்தால் மீதி குழாய் வரைக்கும் நீராவியாகவே வந்து, அங்கே குளிர்ந்து துளியாகும். அப்படியே ஏர் கன்னுக்குள் புகுந்து, இருக்கும் எண்ணெயையும் கழுவிவிட்டு, பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் விட்டும் கருவி கெட்டுப்போகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் தொட்டியின் அடி வால்வைத் திறந்து பார்க்க வேண்டும்.

தொட்டியில் தேங்கும் தண்ணீர் கருவிக்கு மட்டும் எதிரி அல்ல. உள்ளிருந்து துருவேறி மெலிந்த தொட்டி, அழுத்தம் தாங்காமல் வெடிக்கவும் கூடும். காற்றுத் தொட்டிகளை முறையான பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று இரு நாட்டுச் சட்டங்களும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மூன்று கிண்ணங்கள், ஒரே வரிசை

தொழிற்சாலைச் சுவரில் காற்றுக்குழாயோடு சேர்ந்து, கண்ணாடிக் கிண்ணம் தொங்கும் ஒரு தொகுப்பைப் பார்த்திருப்பீர்கள். தொழிற்கல்வி படித்த தம்பி தங்கைகள் இதை எஃப்.ஆர்.எல். என்பார்கள்: ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர்.

காற்று முதலில் ஃபில்டருக்குள் சுழன்று நுழைகிறது. தண்ணீரும் துருவும் தூசியும் கிண்ணத்தின் அடியில் விழுகின்றன. அடுத்து ரெகுலேட்டர், கருவிக்கு வேண்டிய அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்து நிலைநிறுத்துகிறது. பெரும்பாலான கைக்கருவிகள் 90 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 6.2 பார் அழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. கடைசியாக லூப்ரிகேட்டர். அதன் கிண்ணத்தில் எண்ணெய் இருக்கும். காற்று அதைத் தாண்டும்போது துளித்துளியாக எடுத்துக்கொண்டு கருவிக்குப் போகும்.

இந்த வரிசையை மாற்றக்கூடாது. லூப்ரிகேட்டருக்குப் பிறகு ஃபில்டரை வைத்தால், அது எண்ணெயையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

லூப்ரிகேட்டர் கருவிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். குழாய் நீளமாக இருந்தால் எண்ணெய்த் திவலைகள் வழியிலேயே குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு வழிந்துவிடும். ஐந்து மீட்டருக்குள் இருப்பது நல்லது. கருவியைவிட உயரமாகவோ, சம உயரத்திலோ பொருத்தினால் எண்ணெய் மேட்டில் ஏற வேண்டியதில்லை.

துளி பனியாகும் விதம்

கிண்ணத்தில் கீழே கிடக்கும் எண்ணெய் எப்படி மேலே ஏறுகிறது? மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை. காற்று போகும் பாதையை ஓரிடத்தில் குறுக்கியிருப்பார்கள். குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்கும். வேகமெடுக்கும் இடத்தில் அழுத்தம் குறையும். இதை இத்தாலிய இயற்பியலாளர் ஜியோவான்னி பத்திஸ்தா வென்சூரி 1797இல் எழுதி வெளியிட்டார். கிண்ணத்துக்குள் முழு அழுத்தம், குறுகிய இடத்தில் குறைந்த அழுத்தம். இந்த வித்தியாசம் எண்ணெயை மெல்லிய குழாய் வழியாக மேலே தள்ளுகிறது. மேலே உள்ள சின்னக் கண்ணாடிக் கூண்டில் அது சொட்டுவது நம் கண்ணுக்குத் தெரியும். ஒரு சிறிய திருகைத் திருகி, சொட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். விழுந்த துளியை ஓடும் காற்று சிதறடித்துப் பனிபோல் ஆக்கிக் கொண்டுபோகிறது. தாத்தா பாட்டி வீட்டில் இருந்த கொசு மருந்துக் கைப்பம்ப் நினைவிருந்தால், கிட்டத்தட்ட அதே வித்தைதான்.

இயந்திரத்தை இயக்கும் சக்தியே அதற்கு எண்ணெயும் கொண்டுபோகட்டும் என்ற எண்ணம் நீராவிக் காலத்திலேயே தோன்றியது. கென்டக்கியில் அடிமைத்தளையிலிருந்து தப்பி கனடாவுக்கு ஓடிய பெற்றோருக்குப் பிறந்தவர் எலைஜா மெக்காய். ஸ்காட்லாந்துக்குப் போய் இயந்திரப் பொறியியல் பயின்று திரும்பியவருக்கு அமெரிக்காவின் மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வே கொடுத்த வேலை, நீராவி எஞ்சினுக்கு நெருப்பு மூட்டுவதும் எண்ணெய் விடுவதும். கறுப்பினத்தவர் என்பதால் பொறியாளர் வேலை கிடைக்கவில்லை. எண்ணெய் விடுவதற்காக அடிக்கடி எஞ்சின் நிற்பதைப் பார்த்தவர், எஞ்சின் ஓடும்போதே தானாக எண்ணெய் சொட்டும் கிண்ணத்தை வடிவமைத்து 1872இல் காப்புரிமை பெற்றார்.

அதே காலத்தில் காற்றும் இயந்திர உலகுக்குள் வந்துகொண்டிருந்தது. பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் ஆல்ப்ஸ் மலைச் சுரங்கப்பாதையைக் குடைய 1861 முதல் காற்றழுத்தத் துளைப்பான்களைப் பயன்படுத்தினார்கள். அந்தப் பாதை 1871இல் திறக்கப்பட்டது. பிறகு காற்றுக்கருவிகள் சுரங்கங்களிலிருந்து தொழிற்சாலைகளுக்குப் பரவின. காற்றுக்குழாயிலேயே பொருத்தும் லூப்ரிகேட்டரை 1920களில் அமெரிக்காவின் டென்வர் நகரில் கார்ல் நோர்கிரென் உருவாக்கினார். அவர் பெயர் கொண்ட நிறுவனத்தின் கிண்ணங்களை இன்றும் பல தொழிற்சாலைச் சுவர்களில் பார்க்கலாம்.

எந்த எண்ணெய்? எத்தனை துளி?

பட்டறையில் கைக்கு எட்டும் எண்ணெய் எல்லாம் இதற்கு ஆகாது. எஞ்சின் ஆயில் கெட்டியானது. அதில் இருக்கும் அழுக்கு நீக்கும் சேர்மானங்கள் தகடுகளில் பிசினாகப் படியும். துரு விடுவிக்கும் ஸ்ப்ரே மிக மெல்லியது. இருக்கும் எண்ணெயையும் கரைத்துவிட்டு ஆவியாகிவிடும். காற்றுக்கருவிக்கு என்றே விற்கும் ஏர் டூல் ஆயில் வாங்குங்கள். பல இடங்களில் விஜி 32 என்ற தரம் பொருந்தும். சிறிய கருவிகளுக்கு இன்னும் மெல்லியதைக் கேட்பார்கள். கருவியோடு வந்த கையேட்டில் அந்த எண் இருக்கும்.

அளவுக்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. நிமிடத்துக்குச் சுமார் 300 லிட்டர் காற்று ஓடினால் ஒரு துளி. அங்கிருந்து தொடங்கிக் கூட்டலாம், குறைக்கலாம். கைக்கருவிகளுக்கு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு துளி போதும் என்பதுதான் பொதுவான பரிந்துரை. சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கருவியை ஓட்டி அதன் காற்று வெளியேறும் துளைக்கு எதிரே ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். தாளில் மெல்லிய பிசுபிசுப்பு தெரிந்தால் சரி. ஒன்றுமே இல்லை என்றால் எண்ணெய் போகவில்லை. தாள் நனைந்து சொட்டினால் அதிகம்.

செலவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிமிடத்துக்கு இரண்டு துளி என்று வைத்து, கருவி நாளுக்கு இரண்டு மணி நேரம் உண்மையாகவே ஓடினால் 240 துளி. இருபத்தைந்து துளி ஒரு மில்லிலிட்டர் என்றால், நாளுக்குப் பத்து மில்லிலிட்டருக்கும் குறைவு. ஒரு லிட்டர் போத்தல் நூறு வேலை நாள்களுக்கு வரும். புது ஏர் கன் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

லூப்ரிகேட்டர் இல்லாத சிறிய கடைகளும் தப்பிக்கலாம். காலையில் வேலை தொடங்கும் முன், கருவியின் காற்று நுழையும் வாயில் நான்கைந்து துளி விட்டு, சில விநாடி ஓட்டினால் போதும். நாள் முழுக்க வேலை இருந்தால் மதியம் இன்னொரு தடவை.

எண்ணெய் போகக்கூடாத இடங்கள்

இங்கேதான் கவனம் தேவை. காற்றில் எண்ணெய் கலப்பது எல்லா இடத்துக்கும் நல்லதல்ல.

கார்ச் சாயம் அடிக்கும் ஸ்ப்ரே கன்னுக்குப் போகும் காற்றில் எண்ணெய் இருந்தால், சாயம் மீன்கண்போல் வட்டவட்டமாக விலகி நிற்கும். சுரண்டிவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான். டயருக்குக் காற்றடிக்கும் குழாயிலும் எண்ணெய் வேண்டாம். ரப்பருக்கு அது ஆகாது. ஆகவே லூப்ரிகேட்டருக்கு முன்பே குழாயைப் பிரித்து, ஏர் கன்னுக்கு ஒரு வழி, சாயத்துக்கும் டயருக்கும் வேறு வழி என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை எண்ணெய் ஓடிய குழாயைச் சாயம் அடிக்க எடுக்கக்கூடாது.

உணவு, மருந்து பொட்டலம் கட்டும் இடங்களிலும், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உள்ள சில்லுத் தொழிற்சாலைகளிலும் எண்ணெயில்லாத காற்றைத்தான் தேடுவார்கள். உணவுத் தொழிற்சாலையில் எண்ணெய் தவிர்க்க முடியாதென்றால், தவறிப் பட்டாலும் கேடில்லாத எச்1 வகை எண்ணெயைப் பயன்படுத்துவார்கள். பல் மருத்துவர் கையில் உள்ள துளைப்பான் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் ஓடுகிறது. அதற்கும் எண்ணெய் வேண்டும். ஆனால் அது காற்றுக்குழாய் வழியாக வராது. கருவியைக் கழற்றித் தனியாக எண்ணெய் விட்டு, பிறகு கிருமி நீக்குவார்கள்.

தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்திருக்கும் இளையோருக்கு ஒரு செய்தி. இன்றைய காற்றுச் சிலிண்டர்கள் பலவற்றில் ஆயுள் முழுக்க வரும் கிரீஸ் உள்ளேயே பூசப்பட்டிருக்கும். அவற்றுக்கு எண்ணெய் வேண்டியதில்லை. நல்லதுதானே என்று நீங்களாக எண்ணெய் விடத் தொடங்கினால், அது அந்தக் கிரீஸைக் கழுவிவிடும். அதற்குப் பிறகு எண்ணெயை நிறுத்தினால் சிலிண்டர் உலர்ந்து தேயும். ஆகவே விடத் தொடங்கினால் கடைசிவரை விட வேண்டும். புதிதாக வந்த இயந்திரத்தின் கையேட்டைப் படிக்காமல் கிண்ணத்தை நிரப்பாதீர்கள்.

மூச்சுக்கும் தோலுக்கும் ஒரு கணக்கு

கருவிக்குள் போன எண்ணெய் அங்கேயே தங்கிவிடுவதில்லை. வெளியேறும் காற்றோடு கலந்து, ஏர் கன்னைப் பிடித்திருப்பவரின் முகத்துக்கு நேரே வருகிறது. மூடிய பட்டறையில் இது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். கையிலும் முன்னங்கையிலும் பருப்போல் வெடிப்புகள் வரலாம். காற்றில் கனிம எண்ணெய்ப் பனி எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி சொல்கிறது. நிறைய விட்டால் நிறைய நல்லது என்பது தப்பு. தரையில் எண்ணெய் படிந்து வழுக்குவதும், நெடி அடிப்பதும் திருகைக் குறைக்கச் சொல்லும் அறிகுறிகள்.

வேலை முடிந்ததும் சட்டையில் உள்ள தூசியைக் காற்றுக்குழாயால் ஊதிக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அழுத்தமான காற்று தோலின் சிறு காயம் வழியாகக்கூட உள்ளே நுழையும், எண்ணெயையும் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு. கண்ணிலோ காதிலோ பட்டால் நிரந்தரப் பாதிப்பு. உங்கள் வீட்டுப் பிள்ளை பட்டறையில் வேலை பார்த்தால், இன்று இரவே சொல்லி வையுங்கள்.

சக்கர நட்டுக்கு என்ன சம்பந்தம்?

எண்ணெய் வற்றித் தேய்ந்த ஏர் கன் நேற்று இறுக்கிய அளவுக்கு இன்று இறுக்காது. ஆனால் சத்தம் மட்டும் அதேபோல் வரும். பிடித்திருப்பவர் இறுகிவிட்டது என்றே நினைப்பார். அழுத்தத்தைக் கூட்டி வைத்த கடையில் நேர்மாறாக, நட்டு அளவுக்கு மீறி இறுகி, போல்ட்டின் மரை இழுபட்டுப் போகலாம். அந்தக் காரில் நடுவழியில் டயர் மாற்ற வேண்டி வந்தால், கையால் நட்டைக் கழற்றவே முடியாது.

ஆகவே ஏர் கன் நட்டை உட்கார வைக்கட்டும். கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்ச் கொண்டு கையால் முடிக்கச் சொல்லுங்கள். சிறிய கார்களுக்கு இது பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். சரியான எண் காரின் கையேட்டில் இருக்கிறது. நல்ல கடைக்காரர் நீங்கள் கேட்பதற்கு முன்பே இதைச் செய்வார். ஊருக்குப் புறப்பட்டு 50 முதல் 100 கிலோமீட்டர் போனதும், ஓய்விடத்தில் நிறுத்தும்போது சக்கரம் ஆறியபின் ஒருமுறை இறுக்கத்தைச் சரிபார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

பட்டறைச் சுவரில் ஒட்டி வைக்க

பல பட்டறைகளில் எண்ணெய் விடுவது எல்லாருடைய வேலை. அதனால் யாருடைய வேலையும் இல்லை. ஒருவர் பெயரை எழுதி, கீழே உள்ள பட்டியலோடு சுவரில் ஒட்டி வையுங்கள்.

1. நாளும் வேலை முடிந்ததும் தொட்டித் தண்ணீரையும் ஃபில்டர் கிண்ணத் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

2. காலையில் லூப்ரிகேட்டர் கிண்ணத்தில் எண்ணெய் இருக்கிறதா, கருவி ஓடும்போது சொட்டுகிறதா என்று பாருங்கள். கிண்ணத்தில் எண்ணெய் குறையவே இல்லை என்றால் மகிழ வேண்டாம், அடைப்பு இருக்கிறது.

3. எண்ணெய் நிரப்பும் முன் காற்றை மூடி, குழாயில் உள்ள அழுத்தத்தை வெளியேற்றுங்கள்.

4. கிண்ணம் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் என்றால் சோப்புத் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள். தின்னர், பெட்ரோல், சிலவகைச் செயற்கை எண்ணெய்கள் பட்டால் அது வெடித்துச் சிதறலாம். கிண்ணத்தைச் சுற்றியிருக்கும் இரும்புக் கூட்டைக் கழற்றிப் போடாதீர்கள்.

5. வாரம் ஒருமுறை வெள்ளைத்தாள் சோதனை செய்யுங்கள்.

6. சாயக் குழாயும் டயர்க் குழாயும் லூப்ரிகேட்டருக்கு முன்பே பிரிகின்றனவா என்று உறுதி செய்யுங்கள். குழாய்களுக்கு வேறு வேறு நிற நாடா சுற்றினால் புதிதாக வரும் தம்பிக்கும் குழப்பம் இருக்காது.